வட்டம் சுற்றும் நேரம்

திரையின் நடுவில் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுபைறா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் நபியின் மீது ஸலவாத்து ஓதினாள். அடுத்த கதிரையில் றாஹிலா வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருத்தி முக்காட்டு ஊசியைக் கழற்றித் திரும்பக் குத்தினாள். வட்டம் நின்று, அட்டையின் படம் வந்ததும் சுபைறாவின் விரல்கள் பாய்ந்து ஓடின. பெயர், தெரு, ஊர், இயந்திரத்தின் இலக்கம். அடித்து முடித்து, சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி வட்டம் வந்தது.

கடல் கடந்த ஒரு நாட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள் கையால் நிரப்பி அனுப்பிய உத்தரவாத அட்டைகள் அவை. கோழி கிண்டிய எழுத்து. அதை வாசித்துக் கணினியில் ஏற்றுவதுதான் அந்த மண்டபத்துப் பெண்களின் வேலை. அவர்களில் ஒருத்தியின் வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் இல்லை.

மண்டபம் கல்முனையில் கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு, புருஷனை இழந்த பெண்களுக்குத் தையல் பழக்கவென்று வெளிநாட்டுக்காரர் கட்டிக் கொடுத்தது. உப்புக்காற்றில் தையல் மெஷின்கள் கறள் பிடித்துப் போயின. யுத்தம் முடிந்த மறுவருடம் கொழும்புக் கம்பெனி ஒன்று வந்து கணினிகளைப் பொருத்தியது. கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளுக்கு விடிவு வந்துவிட்டது என்று திறப்பு விழாவில் மாலை போட்டுப் பேசினார்கள். வாசலில் ஊசியும் நூலும் வரைந்த பழைய பெயர்ப்பலகையை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை.

தர்சினி அன்றைக்கும் கடைசியாகத்தான் வந்தாள். பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. சவளக்கடையிலிருந்து கல்முனைக்கு வரக் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் அந்தத் தாழ்ந்த றோட்டுக்கு மேலால் ஆற்றுநீர் பாயும். பஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். தண்ணீருக்குள் நடந்தோ, யாராவது இரக்கப்பட்டால் உழவு மெஷின் பெட்டியில் ஏறியோ இக்கரைக்கு வந்து, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிப் புரட்டுவான்.

பாவாடையைப் பிழிந்துவிட்டுக் கதிரையில் இருந்து, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். வட்டம் நெடுநேரம் சுற்றியது. பிறகு உள்ளே விடாமல் முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. திரும்ப அடித்தாள். திரும்ப அனுப்பியது. அது அவளுக்குப் பழகிப்போன விஷயம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, மறுபடி அடித்தாள். கடைசியில் முதலாவது அட்டை வந்தபோது சுபைறா ஒரு கட்டு அட்டை முடித்திருந்தாள்.

எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் எல்லாருடைய பெயரும், அன்றன்றைக்கும் மாதத்துக்கும் யார் எத்தனை அட்டை முடித்தார் என்பதும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே நிற்பவர்கள் பச்சை, அடியில் கிடப்பவர்கள் சிவப்பு. தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பில் முடித்தால் வேலை இல்லை என்பது கம்பெனியின் சட்டம். தர்சினி இரண்டு மாதம் சிவப்பில் முடித்துவிட்டாள். இது மூன்றாவது மாதம். பாண்டிருப்பில் அவளுடைய வீட்டையும் அம்மாவையும் கடல் கொண்டுபோனது. அதன்பிறகு சவளக்கடையில் அக்காவோடு இருக்கிறாள். அத்தானுக்கு ஷெல் விழுந்து ஒரு கால் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கதிரையை நம்பித்தான்.

நடுப்பகல் தொழுகையான ளுஹருக்குப் பாங்கு சொன்னதும் முஸ்லிம் பெண்கள் எழுந்து, கைகால் முகம் கழுவி ஒழு எடுத்துத் தொழப் பின்னறைக்குப் போனார்கள். மண்டபத்தில் தர்சினியும் இன்னும் சில தமிழ்ப் பிள்ளைகளும் மட்டும். அப்போதுதான் அந்த அதிசயம் நடக்கும். வட்டம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது; பொத்தானை அழுத்த முன்னமே அடுத்த அட்டை வந்து நிற்கும். தர்சினி தண்ணீர் குடிக்கக்கூட எழும்ப மாட்டாள். காலை முழுவதும் விட்டதை அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடப் பார்ப்பாள்.

தொழுதுவிட்டு வந்த சுபைறா சுவரைப் பார்த்தாள். தர்சினியின் பெயர் இரண்டு இடம் மேலே ஏறியிருந்தது. அவள் நேரே மேலாளர் ஜவுபரின் மேசைக்குப் போனாள்.

"சேர், ஒரு கதை. நாங்க தொழப் போற நேரம் பாத்து இந்தப் புள்ள லேசான அட்டையெல்லாம் அள்ளி எடுக்கிறா. காலையில இருந்து ஊர்றவட கை, ளுஹருக்கு மட்டும் எப்பிடி சேர் பறக்கிற?"

தர்சினி எழுந்து நின்றாள். "நான் ஒண்டையும் தெரிஞ்செடுக்கல்ல ராத்தா. வாறதத்தான் அடிக்கன். அந்நேரம் கெதியாத் திறக்குது. நான் என்ன செய்ய?"

"எங்களுக்கு மட்டும் ஏன் அப்பிடித் திறக்குதில்ல? ஒங்கட சாமி சொல்லி வெச்சிரிக்கோ?"

சண்டை முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒரு சொல் விழுந்தால் எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் விசைப்பலகையைப் பார்ப்பார்கள். தர்சினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜவுபர் வம்புக்குப் பயந்த மனிதர். இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. "சரி, சரி. இனி ளுஹர் நேரம் எல்லாரும் எழும்புங்க. தொழுறவங்க தொழட்டும், மத்தவங்க வெளியில கொஞ்சம் காத்து வாங்கட்டும். திரை எல்லாம் நிக்கட்டும். ஒருத்தருக்கும் மனக்குறை வேணாம்."

அடுத்த நாளிலிருந்து தர்சினி ளுஹர் நேரத்தில் மதிலோரம் நின்று கடலைப் பார்த்தாள். அவளுக்கு இருந்த ஒரே நல்ல நேரமும் போனது.

இதையெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து றினாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னர் துணி வைத்த சின்ன அறையில் இப்போது எல்லாக் கணினிகளையும் இணைக்கும் சேர்வர் இருந்தது. அதற்குக் காவல் அவன். நிந்தவூர்க்காரன், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு நேரே இங்கே வந்தவன். மென்பொருளை எழுதியவர்கள் கொழும்பில் விண்டோஸில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அங்கே அது நன்றாகவே ஓடியது. கல்முனைக்கு அனுப்பும்போது செலவு மிச்சம் என்று லினக்ஸில் ஏற்றிவிட்டார்கள். தாமதம் பற்றி அவன் எத்தனையோ தடவை எழுதினான். அங்குள்ள பிள்ளைகளுக்கு டைப்பிங் பழக்கம் போதாது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

தர்சினி மதிலோரம் நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. கொழும்பு சேர்வரின் அமைப்புக் கோப்பை வாங்கி, அங்கே இருந்த இலக்கங்களை அப்படியே இங்கே போட்டான். அவசரப் புத்திதான். ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கச் சேர்வருக்குள்ளே கைகள் மாதிரிச் சில இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் கொழும்பில் இருந்தமாதிரிப் பல மடங்கு கூட்டிவிட்டான். விண்டோஸ் தாங்கிய கணக்கு அது. இங்கே லினக்ஸ் ஒரு நிரல் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள்தான் திறக்கலாம் என்று தனக்கென்று ஓர் எல்லை வைத்திருந்தது. அதை இவன் தொடவில்லை. பெண்கள் வந்து வேலையைத் தொடங்கியதும் சேர்வர் அந்த எல்லையில் போய் முட்டிப் படுத்தது. எல்லாத் திரைகளும் வெள்ளையாயின. பகல் வரைக்கும் ஒருத்தியும் ஓர் அட்டைகூட முடிக்கவில்லை. கொழும்பிலிருந்து ஜவுபருக்கு விழுந்த ஏச்சு கண்ணாடிக் கதவைத் தாண்டி றினாஸுக்கும் கேட்டது.

"மனே, ஒனக்குப் புண்ணியமாப் போகும், இரிக்கிறத இரிக்கிற மாதிரி விடு," என்றார் ஜவுபர். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா ஒனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல."

றினாஸ் பழைய இலக்கங்களைத் திருப்பிப் போட்டான். ஆனால் விடவில்லை. யார் எத்தனை மணிக்கு நுழைகிறார்கள், யாருக்கு எவ்வளவு நேரம் வட்டம் சுற்றுகிறது என்று சில நாட்கள் கவனித்தான். விடை அவனுக்குக் கிடைத்தது நிந்தவூர் பஸ்ஸில். சீட் பிடித்தவர்கள் தேத்தண்ணி குடிக்க இறங்கும்போது கைக்குட்டையை, லேஞ்சியைச் சீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். சீட் வெறுமையாகத்தான் கிடக்கும். பின்னால் ஏறுகிறவன் நின்றுகொண்டே வர வேண்டும். சேர்வரிலும் அதுதான் நடந்தது. முதலில் நுழைந்தவர்கள் பிடித்த கையை, அவர்கள் அட்டையை வாசித்துக்கொண்டு சும்மா இருக்கிற நேரமும் சேர்வர் விடாமல் அவர்களுக்கென்றே வைத்திருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு மிஞ்சிய ஒன்றிரண்டு கைகளில்தான் இழுபறி. ளுஹருக்குப் பெண்கள் திரையை அணைத்துவிட்டு எழுந்து போனால் லேஞ்சிகள் எல்லாம் போய்விடும்.

இதைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அவன் சுபைறாவிடம் போனான்.

"ராத்தா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க தர்சினிக்குப் பொறகு திறங்க."

"எதுக்கு?"

"எனக்காக. ஒரு நாள்தான்."

"நீ என்னமோ வில்லங்கம் பண்ணப் போறா தம்பி," என்றாள். ஆனாலும் மறுநாள் வந்து, கணினியைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தர்சினி நனைந்து வந்து, போராடி உள்ளே போன பிறகுதான் தன் பெயரை அடித்தாள். வட்டம் சுற்றியது. முதல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. சுபைறா ஸலவாத்து ஓதத் தொடங்கினாள். ஓதினாள், ஓதினாள், வட்டம் நிற்கவில்லை. மேசையில் கையால் அடித்தாள். பகலாகும்போது சுவரில் அவளுடைய பெயர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பில் கிடந்தது. எவ்வளவு வேகமான கை, அதற்கு ஒரு வேலையும் இல்லை.

பாங்கு சொன்னது. சுபைறா எழுந்து தர்சினியிடம் போனாள். தர்சினி வழக்கம்போல வெளியே போகத் திரையை அணைக்கப் போனாள்.

"இரி புள்ள. அணைக்காத," என்றாள் சுபைறா. பிறகு ஜவுபர் பக்கம் திரும்பினாள். "சேர், எங்கட தொழுகையைச் சாட்டி இந்தப் புள்ளட வேலைய நிப்பாட்ட வேணாம். நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. அல்லாஹ்வுக்குப் பொறுக்காது."

தர்சினி திரையிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க போய்த் தொழுங்க ராத்தா, நேரம் போகுது," என்றாள்.

அந்த வாரமே பெரும் மழை பிடித்தது. தாம்போதி முற்றாக மூடியது, ஊருக்குள்ளும் வெள்ளம். மண்டபத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். றினாஸ் கேட்டதற்கு, அன்றைய நாளை விடுமுறையாக விட ஜவுபர் பயந்து பயந்து சம்மதித்தார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். இந்தத் தடவை கொழும்பின் கணக்கைப் பார்க்கவில்லை. லினக்ஸின் எல்லையை முதலில் உயர்த்தினான். சும்மா இருப்பவர்களிடமிருந்து கையை உடனே விடுவித்து அடுத்தவருக்குக் கொடுக்கும்படி செய்தான். பிறகுதான் கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் எல்லாக் கணினிகளையும் திறந்து, வந்திருந்த பெண்களை அங்கும் இங்கும் ஓடவிட்டு அட்டை அடிக்கச் சொன்னான். மாலையில் மழை விட்டபோது றாஹிலா ஒரு திரையைக் காட்டி, "தம்பி, வட்டம் வருதில்ல," என்றாள்.

அதற்குப் பிறகு வட்டம் வரவே இல்லை. முதலில் வந்தாலும் பிந்தி வந்தாலும் ஒரே வேகம். தர்சினி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து இருப்பாள்; பெயரை அடித்ததும் அட்டை வந்து நிற்கும். மூன்றாம் நாள் அவளுடைய பெயர் சிவப்பைத் தாண்டியது. மாதம் முடியும்போது பச்சையில், சுபைறாவுக்கு நாலு பெயர் கீழே நின்றது. அன்றைக்கு அவள் றினாஸுக்கு வாழையிலையில் சுற்றி, அக்கா அவித்த பிட்டும் தயிரும் கொண்டுவந்தாள். அண்ணனை அழைப்பதுபோல அவனை நானா என்றுதான் அவள் அழைப்பாள்.

"அத்தான் உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னார் நானா. இனிப் பயமில்லத்தானே?"

"ஒரு பயமும் இல்ல," என்றான் றினாஸ். அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வட்டம் சுற்றிய நேரத்தில்தான் பெண்கள் கையைப் பிசைந்தார்கள், கண்ணை மூடினார்கள், பக்கத்தில் இருப்பவளோடு ஒரு சொல் கதைத்தார்கள். இப்போது அட்டைக்குப் பின்னால் அட்டை, இடைவெளியே இல்லை. சுபைறாவின் ஸலவாத்தும் நின்றுபோனது. பின்னேரமானால் றாஹிலாவின் மணிக்கட்டு வீங்கியது.

"தம்பி, அந்த வட்டத்தக் கொஞ்சம் திருப்பி விடு. கை உளையுது," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். றினாஸும் சிரித்தான்.

தை மாதம் ஒரு பின்னேரம், பெண்கள் போன பிறகு ஜவுபர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கொழும்பால கதைச்சாங்க. ஒனக்கு நல்ல பேரு மனே. என்ன செஞ்செண்டு எழுதி அனுப்பட்டாம். அவங்கட மத்த நிலையத்துல விண்டோஸ் சேர்வராம். அதையும் நீ போய் இப்பிடியே செஞ்சு குடுக்கணுமாம்."

றினாஸுக்கு முகம் மலர்ந்தது. "விண்டோஸுக்கு வேற மாதிரிச் செய்யணும் சேர். ஆனா ஏலும்."

ஜவுபர் போகவில்லை. தொப்பியை மடித்தார், விரித்தார். "மாசத்துக்கு அனுப்புற அட்டைகள நம்மட ஆக்கள் இப்ப பாதி மாசத்துல முடிக்கிறாங்களாம். அட்டை இனிக் கூடி வராது. அதால ஆக்களக் குறைக்கப் போறாங்க. சரி பாதி."

"யார யார?"

"மூணு மாசச் சராசரி எடுத்திரிக்காங்க. கீழ் பாதி வீட்ட போகணும்."

றினாஸ் கதிரையை விட்டு எழுந்தான். "சேர், அதுல ரெண்டு மாசம் சேர்வர்ர பிழைதானே? நான் ஆதாரத்தோட எழுதின. பிந்தி வந்த புள்ளைகள் என்ன செய்யிற? தர்சினி இப்ப பச்சையில நிக்கிறா!"

"நானும் சொன்ன. அவங்களுக்கு இலக்கம்தான் தெரியும், தாம்போதி தெரியாது." ஜவுபர் கதவுப் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில வாசல்ல வெச்சு நானே புள்ளைகளுக்குச் சொல்றன். நீ ஒண்டும் கதைக்காத. நம்மட வேலையாச்சும் மிஞ்சட்டும்."

மறுநாள் காலை வாசலில் ஜவுபர் இல்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியைக் காதில் வைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மறுமுனையில் யாராவது இருந்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பெண்கள் வழக்கம்போல உள்ளே வந்து இருந்தார்கள். சுபைறாவுக்கு அட்டை வந்தது. அடிக்கத் தொடங்கினாள். றாஹிலாவுக்கு முதல் பக்கம் திரும்பி வந்தது. பின்வரிசையில் இன்னும் சிலருக்கும் அப்படியே. கொழும்பில் கணக்குகளைப் பூட்டியிருந்தார்கள்.

தர்சினி வந்தாள். பாவாடை நனைந்திருந்தது, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கதிரையில் இருந்து தன் பெயரை அடித்தாள். முதல் பக்கம். கடவுச்சொல்லை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப அடித்தாள். முதல் பக்கம். சுவரை அவள் பார்க்கவில்லை. அதில் பெயர்கள் பாதிதான் இருந்தன.

றினாஸ் கதவைத் திறந்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். தர்சினி நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகம் வாடிக் கிடந்ததைக் கண்டு அவனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

"சேர்வருக்குப் பழைய வருத்தம் திரும்ப வந்திட்டுப்போல நானா. பரவாயில்ல, ஆறுதலாப் பாருங்க. எனக்குப் பழக்கம்தானே, நான் காத்திருக்கன்."

கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். பாவாடை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. றினாஸ் அறைக்குத் திரும்பித் தன் திரையைப் பார்த்தான். சேர்வர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. காத்திருப்போர் என்ற இடத்தில் பூச்சியம் நின்றது.